நேர்காணலுக்கு முன் உங்கள் ஸ்பானிஷைப் பற்றிப் பேசுவோம்

கடிதத்தின் சுருக்கம்

கலிஃபோர்னியாவிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். வயது 29. பதினோரு வயதில் மதுரைப் பக்கத்திலிருந்து பெற்றோருடன் அமெரிக்கா வந்தவர். சட்டம் படித்து, வழக்கறிஞர் உரிமத்துக்கான பார் தேர்வில் தேறி, இரண்டு வருடமாக ஒரு சட்ட நிறுவனத்தில் வேலை பார்க்கிறார். ஊழியர்கள் ஓவர்டைம் கேட்டோ பாகுபாடு என்று சொல்லியோ வழக்குப் போட்டால் முதலாளி பக்கம் நின்று வாதாடும் நிறுவனம் அது. சனிக்கிழமைகளில் தொழிலாளர்களுக்கான இலவசச் சட்ட முகாம் ஒன்றில் உதவுகிறார். பள்ளியில் நான்கு வருடம் ஸ்பானிஷ் படித்தார், கல்லூரிக் காலத்தில் ஒரு பருவம் மெக்சிகோவில் தங்கிப் படித்தார். "பேச்சு வரும், சட்டம் பேச வராது" என்கிறார்.

பண்ணைத் தொழிலாளர்களுக்கு உதவும் ஓர் அமைப்பில் வேலைக்கு விண்ணப்பித்திருக்கிறார். நேர்காணலில் ஒரு பகுதி ஸ்பானிஷில் நடக்கும். அவருடைய கேள்விகள் இவை. என் ஸ்பானிஷ் போதுமா? இந்தியப் பெண்ணான என்னை மெக்சிகோ, குவாத்தமாலாக்காரர்கள் நம்புவார்களா? குடியேற்றப் பேப்பர் இல்லாதவர்களுக்கு வழக்கே கிடையாது என்று அலுவலகத்தில் சொல்கிறார்கள், உண்மையா? சம்பளம் பாதியாகிவிடும், படிப்புக் கடன் தலைக்கு மேல் இருக்கிறது. அப்பா "இதற்கா உன்னைப் படிக்க வைத்தேன்" என்கிறார். கடைசியில் தயக்கத்தோடு இன்னொன்றும் எழுதியிருக்கிறார். போன மாதம் முகாமில் ஒரு பெண்ணிடம் ஸ்பானிஷில் விவரம் கேட்டு, ஆங்கிலத்தில் வாக்குமூலமாக எழுதி, சாரத்தை மட்டும் வாயால் சொல்லிக் கையெழுத்து வாங்கியிருக்கிறார். அன்றிலிருந்து மனசு உறுத்துகிறதாம்.

அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் கடைசியில் வைத்த அந்த வாக்குமூலத்தை நான் முதலில் எடுத்துக்கொள்கிறேன். வேலை மாறுவதைப் பற்றி யோசிக்க உங்களுக்கு நாள் இருக்கிறது. அந்தப் பெண்ணின் வழக்குக்கு அவ்வளவு நாள் இல்லாமல் போகலாம்.

எதிர்ப்பக்கத்தில் உட்கார்ந்து நீங்கள் பழகிய காட்சிதான் இது. டெபொசிஷனில், அதாவது விசாரணைக்கு முன் வக்கீல்கள் சாட்சியைக் கேள்வி கேட்டுப் பதிவு செய்யும் கட்டத்தில், கம்பெனி வக்கீல் அந்தக் காகிதத்தை நீட்டுவார். "இது உங்கள் கையெழுத்துதானே? இங்கிலீஷ் வாசிக்கத் தெரியுமா? தெரியாதென்றால், உள்ளே என்ன இருக்கிறது என்றே தெரியாமல் உண்மை என்று உறுதி சொல்லிக் கையெழுத்துப் போட்டீர்களா?" அந்தப் பெண் சொன்னது எல்லாம் உண்மையாகவே இருந்தாலும் அந்த நிமிடத்தில் பொய்காரியாகத் தெரிவார். அடுத்து, யார் மொழிபெயர்த்தது என்ற கேள்வி வரும். பதில் நீங்கள். ஒரு வழக்கில் சாட்சியாக நிற்க வேண்டியவர் அதே விசாரணையில் வக்கீலாக நிற்பதை அமெரிக்க வழக்கறிஞர் நடத்தை விதிகள் பெரும்பாலும் அனுமதிப்பதில்லை. நல்லெண்ணத்தில் செய்த ஒரு காரியம் அவருக்கு வக்கீலே இல்லாமல் ஆக்கிவிடக்கூடும்.

பயப்பட வேண்டாம், இதைச் சரிசெய்ய முடியும். திங்கட்கிழமையே முகாமின் பொறுப்பு வழக்கறிஞரிடம் நடந்ததைச் சொல்லுங்கள். வாக்குமூலம் ஸ்பானிஷில் எழுதப்பட வேண்டும். தகுதி பெற்ற மொழிபெயர்ப்பாளர் ஒருவர் அதை அந்தப் பெண்ணுக்கு வரி வரியாக வாசித்துக் காட்ட வேண்டும், அவர் திருத்தச் சொல்வதைத் திருத்த வேண்டும். அந்த ஸ்பானிஷ் பிரதியில்தான் அவர் கையெழுத்துப் போட வேண்டும். ஆங்கிலப் பிரதி அதன் மொழிபெயர்ப்பு என்று மொழிபெயர்ப்பாளர் சான்று எழுதித் தர வேண்டும். பழைய காகிதம் ஏற்கெனவே எங்காவது தாக்கல் ஆகியிருந்தால் அதையும் மாற்ற வேண்டும். இதை நீங்களாக மறைமுகமாகச் செய்யாதீர்கள். பொறுப்பு வழக்கறிஞர் மூலமாகவே நடக்கட்டும்.

உங்கள் ஸ்பானிஷ் குறைவு என்பதால் இது நடக்கவில்லை. அது ஓரளவு நன்றாக இருந்ததால்தான் நடந்தது. ஒரு வார்த்தையும் தெரியாதவராக இருந்திருந்தால் மொழிபெயர்ப்பாளரைக் கூப்பிட்டிருப்பீர்கள். நான் பார்த்தவரை இந்தத் துறையில் அதிகத் தவறு நடப்பது இந்த அரைகுறை நிலையில்தான். இரண்டு மொழி பேசும் இளைய வக்கீல்கள் எல்லோருக்கும் இதைச் சொல்கிறேன், உங்களுக்கும் சொல்கிறேன்.

அந்த மொழி எதற்கு உதவுகிறது

சரி, அப்படியானால் மொழிபெயர்ப்பாளரே போதுமே, நான் ஏன் கஷ்டப்பட்டுக் கற்க வேண்டும் என்று நீங்கள் கேட்கலாம். நீதிமன்றத்திலும் டெபொசிஷனிலும் மொழிபெயர்ப்பாளர்தான் பேசுவார், உங்கள் ஸ்பானிஷுக்கு அங்கே வேலை குறைவு. ஆனால் வழக்கு பிறக்கும் இடம் முதல் சந்திப்பு. அங்கே அது எல்லாவற்றையும் மாற்றும்.

ஓர் உதாரணம் சொல்கிறேன். ஸ்ட்ராபெரி பறிப்பவரிடம் "காலையில் எத்தனை மணிக்கு வேலை தொடங்கும்?" என்று கேட்டால் "ஆறு" என்பார். சம்பளச் சீட்டிலும் ஆறுதான் இருக்கும். அதோடு விட்டால் வழக்கு இல்லை. அவருடைய மொழியில், அவசரமில்லாமல், வீட்டிலிருந்து எத்தனை மணிக்குக் கிளம்புகிறீர்கள், எப்படிப் போகிறீர்கள் என்று பேச்சை வளர்த்தால் ஐந்து மணிக்கு ஏறும் வேன் வெளியே வரும். அந்த வேனில்தான் வர வேண்டும் என்று மேஸ்திரி கட்டாயப்படுத்துகிறார், அதற்குக் காசும் பிடிக்கிறார் என்பது வெளியே வரும். முதலாளியின் பேருந்தில்தான் வயலுக்கு வர வேண்டும் என்று கட்டாயப்படுத்தினால் அந்தப் பயண நேரத்துக்கும் கூலி உண்டு என்று கலிஃபோர்னியா உச்ச நீதிமன்றம் 2000-ஆம் ஆண்டு மொரில்லியன் வழக்கில் சொல்லிவிட்டது. அந்த வழக்கும் பண்ணைத் தொழிலாளர்கள் போட்டதுதான். தனக்குச் சேர வேண்டியது என்றே தெரியாத ஒன்றை யாரும் தானாகச் சொல்ல மாட்டார்கள். பேச்சுவாக்கில்தான் அது வரும்.

பீஸ் ரேட்டும் இப்படித்தான். பெட்டிக்கு இவ்வளவு என்று கூலி வாங்குகிறவர், ஓய்வு எடுத்தால் தனக்குத்தான் நஷ்டம் என்று நினைத்துத் தண்ணீர் குடிக்கக்கூட நிற்க மாட்டார். பீஸ் ரேட் தொழிலாளிக்கு ஓய்வு நேரத்துக்குத் தனியாகக் கூலி தர வேண்டும் என்பது கலிஃபோர்னியாவில் 2016 முதல் சட்டம். "ஓய்வு கொடுக்கிறார்களா?" என்று கேட்டால் "கொடுக்கிறார்கள்" என்றே பதில் வரும், அது பொய்யும் இல்லை. "நேற்று எப்போது உட்கார்ந்தீர்கள், எங்கே, நிழல் இருந்ததா, யார் கூப்பிட்டு எழுப்பினார்கள்" என்று போனால்தான் விஷயம் தெரியும். வெயிலில் வேலை செய்பவர்களுக்கு நிழலும் தண்ணீரும் தர வேண்டும் என்ற விதியை இந்த மாநிலம் 2005-லேயே கொண்டுவந்தது. விதி இருக்கிறதே தவிர அது காகிதத்தில் நிற்கிறதா வயலில் நிற்கிறதா என்பதைச் சொல்ல அங்கே வேலை செய்பவரால்தான் முடியும்.

இதில் எனக்கு மிகவும் பிடித்த வரலாறு குட்டைக்கைக் களைக்கொட்டின் வரலாறு. தொழிலாளர்கள் அதை 'எல் கோர்தீத்தோ' என்று அழைத்தார்கள். லெட்யூஸ், சர்க்கரை பீட் வயல்களில் நாள் முழுக்க இடுப்பை இரண்டாக மடித்துக் குனிந்து கொத்தினால்தான் அதைக் கொண்டு வேலை செய்ய முடியும். வயதாகும் முன்பே முதுகு போய்விடும். "ஆபத்தான கருவி என்றால் உடைந்ததோ பழுதானதோதான், இது நல்ல கருவி" என்று அரசுத் துறை சொல்லிக்கொண்டிருந்தது. கலிஃபோர்னியா ரூரல் லீகல் அசிஸ்டன்ஸ் என்ற அமைப்பின் வழக்கறிஞர்கள் தொழிலாளர்களின் முதுகுவலியைச் சாட்சியமாக மாற்றினார்கள். எந்த விதத்தில் பயன்படுத்த வேண்டியிருக்கிறதோ அதனால் வரும் கேட்டையும் பார்க்க வேண்டும் என்று 1975-இல் மாநில உச்ச நீதிமன்றம் சொன்னது. அந்தக் கருவி தடை செய்யப்பட்டது. 'ஆபத்தான கருவி' என்றால் என்ன பொருள் என்ற அந்தச் சட்டச் சண்டை, வயலில் இருந்தவர்கள் "இது எங்களைக் கொல்கிறது" என்று தங்கள் மொழியில் சொன்னதையும் அதைக் கேட்க ஆள் இருந்ததையும் வைத்துத் தொடங்கியது.

போதுமா என்ற கேள்வி

அமெரிக்க வெளியுறவுத் துறை தன் அதிகாரிகளுக்கு ஸ்பானிஷில் தொழில்முறைத் திறன் வர 600 முதல் 750 வகுப்பு மணி நேரம் ஆகும் என்று கணக்கு வைத்திருக்கிறது. தமிழுக்கு 1,100 மணி நேரம்! நீங்கள் அந்தப் பாதையில் பாதிக்கு மேல் வந்துவிட்டவர் என்று தோன்றுகிறது. டேலே என்ற ஸ்பானிஷ் தேர்வில் சி1 என்ற உயர்நிலையை இலக்காக வைத்துக்கொள்ளுங்கள். அந்த நிலை வரும்வரை, தகவல் கேட்பதை நீங்கள் செய்யலாம். வக்காலத்து ஒப்பந்தம், சமரசப் பேச்சில் தொழிலாளி முடிவெடுக்க வேண்டிய கட்டம், உரிமையை விட்டுக்கொடுக்கும் எந்தக் காகிதம் ஆனாலும் மொழிபெயர்ப்பாளர் பக்கத்தில் இருக்கட்டும். கட்சிக்காரர் புரிந்துகொள்ளும் வகையில் பேசுவது வழக்கறிஞரின் கடமை, மொழித் தடை இருந்தால் அதற்கு ஏற்பாடு செய்வதும் அந்தக் கடமையில் சேரும் என்று அமெரிக்க பார் அசோசியேஷன் 2021-இல் 500-ஆம் எண் கருத்துரையில் தெளிவாகவே எழுதியிருக்கிறது.

புத்தக ஸ்பானிஷ் வயலில் பாதி தூரம்தான் வரும் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். மேஸ்திரி இங்கே 'மயோர்தோமோ'. காசு வாங்கிக்கொண்டு வண்டியில் ஏற்றிச் செல்பவர் 'ரைத்தேரோ'. இந்த வார்த்தைகள் உங்கள் வகுப்பில் வந்திருக்காது. கூலிப் புகார்களை விசாரிக்கும் மாநில லேபர் கமிஷனர் அலுவலகம் ஸ்பானிஷில் போடும் படிவங்களையும் கையேடுகளையும் எடுத்து வாசியுங்கள், சட்டச் சொற்கள் அங்கேயே கிடைக்கும். சான்று பெற்ற மொழிபெயர்ப்பாளர் வேலை செய்யும் விசாரணைகளுக்குப் போய் உட்கார்ந்து கேளுங்கள். டென்வர் பல்கலைக்கழகச் சட்டக் கல்லூரி போன்ற சில இடங்களில் ஸ்பானிஷிலேயே வழக்கறிஞர் வேலையைக் கற்றுக்கொடுக்கிறார்கள். அப்படி ஏதாவது உங்களுக்கு எட்டுகிறதா என்று பாருங்கள். வயதில் மூத்தவரை முதல் பேச்சிலேயே ஒருமையில் கூப்பிட்டுவிடாதீர்கள். இது தமிழச்சிக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் பள்ளி ஸ்பானிஷ் படித்தவர்கள் பலர் இதில் சறுக்குவதைப் பார்க்கிறேன்.

எல்லோரும் ஸ்பானிஷ் பேசுகிறவர்கள் இல்லை

உங்கள் கடிதத்தில் "லத்தீன் அமெரிக்கத் தொழிலாளர்கள் எல்லோரும் ஸ்பானிஷ் பேசுவதால்" என்று ஒரு வரி இருக்கிறது. இதை மட்டும் இப்போதே மாற்றிக்கொள்ளுங்கள். கலிஃபோர்னியாவின் ஆக்ஸ்நார்டிலும் சாந்தா மரியாவிலும் ஸ்ட்ராபெரி பறிக்கும் ஏராளமானோர் மெக்சிகோவின் வஹாக்கா, கெரேரோ மாநிலங்களிலிருந்து வந்த மிஷ்தெக் மக்கள். கிரீன்ஃபீல்டில் த்ரீகி பேசுபவர்கள் இருக்கிறார்கள். குவாத்தமாலாவிலிருந்து வருபவர்களில் மாம், கிச்சே பேசுபவர்கள் உண்டு. இவர்களுக்கு ஸ்பானிஷே இரண்டாவது மொழி, சிலருக்கு அதுவும் கொஞ்சம்தான். ஊரில் ஸ்பானிஷ் பேசத் தெரியாததற்காக அவமானப்பட்டு வந்தவர்கள் உங்களிடம் "தெரியாது" என்று சொல்ல மாட்டார்கள். "சீ, சீ" என்று தலையாட்டிக்கொண்டே இருப்பார்கள். அந்த மொழியில் 'சீ' என்றால் ஆமாம். நீங்களும் எல்லாம் புரிந்துவிட்டது என்று நினைத்து எழுதிக்கொண்டே போவீர்கள்.

அதனால் முதல் கேள்வியாக "வீட்டில் அம்மாவோடு என்ன மொழி பேசுவீர்கள்?" என்று கேளுங்கள். ஸ்பானிஷ் தெரியுமா என்று கேட்காதீர்கள், தெரியும் என்றுதான் வரும். ஆம் என்றோ இல்லை என்றோ பதில் சொல்லக்கூடிய கேள்விகளைத் தவிர்த்து, அவரையே நடந்ததை விவரிக்கச் சொல்லுங்கள். மிஷ்தெக்கிலும் ஊருக்கு ஊர் பேச்சு மாறும், ஒரு பகுதிக்காரர் பேசுவது இன்னொரு பகுதிக்காரருக்குப் புரியாமல் போவதுண்டு. எந்த ஊர் என்று கேட்டே ஆள் தேட வேண்டும். மிஷ்தெக்கிலிருந்து ஸ்பானிஷுக்கு ஒருவர், ஸ்பானிஷிலிருந்து ஆங்கிலத்துக்கு இன்னொருவர் என்று இரண்டு பேர் வைத்து விசாரணை நடக்கும். நேரம் மூன்று மடங்காகும், ஆகட்டும். தொழிலாளியின் பிள்ளையை மொழிபெயர்க்க உட்கார வைக்காதீர்கள். மேலாளர் அத்துமீறியதைத் தாய் தன் பத்து வயது மகன் வாயால் சொல்ல மாட்டார்.

பேப்பர் இல்லாதவருக்கு வழக்கு உண்டா?

உண்டு. உங்கள் அலுவலகத்தில் சொன்னது தவறு, அங்கே சொன்னவர்களுக்கும் அது தவறு என்று தெரிந்திருக்க வேண்டும்.

1938-இன் நியாயத் தொழில்தரச் சட்டம் குறைந்தபட்சக் கூலியும் ஓவர்டைமும் தருவதற்குக் குடியேற்ற நிலையைப் பார்ப்பதில்லை. இதை நிலைநாட்டிய வழக்குகளில் முக்கியமானது எது தெரியுமா? 1988-இல் பதினொன்றாவது சர்க்யூட் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்புச் சொன்ன 'படேல் எதிர் குவாலிட்டி இன் சவுத்'. அலபாமாவின் பர்மிங்ஹாமில் ஒரு மோட்டலில் பராமரிப்பு வேலை பார்த்த இந்தியர் போட்ட வழக்கு. விசா முடிந்தும் தங்கிவிட்டவர் அவர். இன்றைக்கு மெக்சிகோக்காரருக்கும் ஹோண்டுரஸ்காரருக்கும் கூலி வாங்கித் தரும் வக்கீல்கள் மேற்கோள் காட்டுவது அவர் வழக்கைத்தான். உங்களை நம்புவார்களா என்று கேட்டீர்களே, இந்தக் கதை உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்பதற்காகவே கொஞ்சம் நீட்டிச் சொன்னேன்.

எல்லையும் இருக்கிறது. சங்கம் சேர்த்ததற்காக வேலையை விட்டு நீக்கப்பட்டவர் ஆவணமில்லாதவராக இருந்தால், நீக்கிய பிறகு வேலை செய்யாத காலத்துக்கு, தேசியத் தொழிலாளர் உறவுச் சட்டத்தின் கீழ் பின்சம்பளம் கிடையாது என்று 2002-இல் ஹாஃப்மன் பிளாஸ்டிக் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 5-4 என்று தீர்ப்பளித்தது. "வழக்கே கிடையாது" என்ற பேச்சு அதைப் பாதி கேட்டதால் வந்திருக்கும். செய்து முடித்த வேலைக்கான கூலி வேறு, செய்யாத காலத்துக்கான சம்பளம் வேறு. முதலாவது அவருடையதுதான். கலிஃபோர்னியாவில் தொழில் சட்டப் பாதுகாப்பு குடியேற்ற நிலை எதுவானாலும் பொருந்தும் என்று சட்டத்திலேயே எழுதியிருக்கிறது. "இமிகிரேஷனுக்குச் சொல்லிவிடுவேன்" என்று முதலாளி மிரட்டினால் அதுவே தனிக் குற்றச்சாட்டு. 2004-இன் ரிவேரா வழக்கையும் படியுங்கள். ஃப்ரெஸ்னோ தொழிற்சாலை ஒன்றில் ஆங்கிலத்தில் வைத்த தேர்வில் தேறவில்லை என்று வேலை இழந்த பெண்கள் தொடுத்த வழக்கு. லத்தீன் அமெரிக்கப் பெண்களும் தென்கிழக்கு ஆசியப் பெண்களும் அதில் சேர்ந்து நின்றார்கள். அவர்களுடைய குடியேற்ற நிலையைத் தோண்ட முதலாளிக்கு அனுமதி இல்லை என்று ஒன்பதாவது சர்க்யூட் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது.

ஆனாலும் "ஒன்றும் ஆகாது" என்று யாருக்கும் வாக்குக் கொடுத்துவிடாதீர்கள். தொழில் சட்டம் கூலியைக் காப்பாற்றும். குடியேற்ற அதிகாரி வாசலுக்கு வருவதைத் தடுக்கும் சக்தி அதற்கு இல்லை. இருக்கும் ஆபத்தை அவருடைய மொழியில் மழுப்பாமல் சொல்லுங்கள், முடிவை அவர் எடுக்கட்டும். மனிதக் கடத்தல், கட்டாய வேலை, வன்கொடுமை போன்றவை தென்பட்டால், அப்படிப் பாதிக்கப்பட்டவர்களுக்கான டி விசா, யு விசா வழிகள் இருக்கலாம். அதைக் குடியேற்றச் சட்டம் தெரிந்தவரிடம் அனுப்பிக் கேளுங்கள். ஊரில் நோட்டாரியோ என்றால் பெரிய வக்கீல் என்ற நம்பிக்கையோடு வருபவர்களிடம், இங்கே கையெழுத்துச் சாட்சி போட மட்டும் உரிமம் உள்ள சிலர் ஆயிரக்கணக்கில் பணம் பறித்துக் குடியேற்ற விண்ணப்பத்தையே கெடுத்துவிடுகிறார்கள். உங்களிடம் வருபவர் ஏற்கெனவே அப்படி ஏமாந்தவராக இருக்கலாம்.

நம்புவார்களா என்றால், முதல் நாள் கொஞ்சம் தயங்குவார்கள். கலிஃபோர்னியாவின் விவசாயப் பகுதியான மத்திய பள்ளத்தாக்கில் இந்திய வம்சாவளிப் பண்ணை முதலாளிகளும் உண்டு, நீங்கள் யார் பக்கம் என்று பார்க்கத்தான் செய்வார்கள். திரும்ப போன் செய்கிறேன் என்று சொன்ன நாளில் போன் செய்தீர்களா என்பதை வைத்து அது தீரும். உச்சரிப்பு கொச்சையாக இருப்பதற்காக வக்கீலை மாற்றிய தொழிலாளியை நான் பார்த்ததில்லை.

எந்த இடம் என்பதில் கவனம்

சட்ட உதவி அமைப்பு என்றால் எல்லோருக்கும் உதவலாம் என்று நினைத்திருக்கிறீர்கள். 1974-இல் அமெரிக்க நாடாளுமன்றம் உருவாக்கிய லீகல் சர்வீசஸ் கார்ப்பரேஷனிடம் நிதி வாங்கும் அமைப்புகளுக்கு 1996-இலிருந்து கடுமையான கட்டுப்பாடு உண்டு. கூட்டு வழக்கு போட முடியாது. ஆவணமில்லாதவர்களில் பெரும்பாலானோருக்காக ஆஜராகவும் முடியாது. குடும்ப வன்முறை, மனிதக் கடத்தல் போன்றவற்றில் பாதிக்கப்பட்டவர்களுக்கு விலக்கு இருக்கிறது. எச்-2ஏ விசாவில் பருவப் பண்ணை வேலைக்கு வருபவர்களுக்கு அவர்களுடைய வேலை ஒப்பந்தம் தொடர்பாக உதவலாம். வீடு இலவசமாகத் தர வேண்டும், ஒப்பந்தத்தில் சொன்ன வேலை நேரத்தில் நான்கில் மூன்று பங்குக்காவது வேலை தர வேண்டும் என்று அந்த விசாவில் முதலாளிக்கு நிறையக் கடமைகள் இருப்பதால் அதுவே பெரிய வேலைதான். இருந்தாலும், முகாமில் நீங்கள் சந்தித்த அந்தப் பெண் போன்றவர்களுக்காகவே இந்தப் பக்கம் வருகிறீர்கள் என்றால், விண்ணப்பித்த அமைப்பு எந்தப் பணத்தில் நடக்கிறது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அந்த நிதி வாங்காத தொண்டு அமைப்புகள் இருக்கின்றன. தொழிலாளர் பக்கம் வாதாடும் தனியார் அலுவலகங்கள் இருக்கின்றன. ஜெயித்தால் முதலாளியே வக்கீல் கட்டணமும் தர வேண்டும் என்று கூலிச் சட்டங்கள் சொல்வதால் அவர்களால் பிழைக்க முடிகிறது. லேபர் கமிஷனர் அலுவலகத்திலும் வழக்கறிஞர் வேலை உண்டு.

எங்கே போனாலும் ஒன்றை நேர்காணலிலேயே கேளுங்கள்: என் வாரத்தில் எவ்வளவு நேரம் மற்றவர்களின் வழக்குகளுக்கு மொழிபெயர்ப்பதில் போகும்? ஸ்பானிஷ் தெரிந்த ஜூனியர் என்றால் போன் எடுப்பதும், கடிதம் மொழிபெயர்ப்பதும், அழும் கட்சிக்காரரை ஆறுதல்படுத்துவதும் அவர் தலையில் விழும். ஸ்பானிஷ் தெரியாத சக ஊழியர் அந்த நேரத்தில் மனு எழுதி, சாட்சியை விசாரித்து, விசாரணைக்குப் போய் வளர்வார். இது எனக்கு வருத்தம் தரும் விஷயம். திறமையான பெண்கள், அதுவும் குடியேறிய வீட்டுப் பெண்கள், ஐந்து வருடம் கழித்தும் ஒரு சாட்சியைக்கூட நின்று விசாரிக்காமல் இருப்பதைப் பார்த்திருக்கிறேன். உங்கள் பெயரில் எத்தனை வழக்கு வரும், முதல் வருடத்தில் எத்தனை டெபொசிஷன் நீங்களே எடுப்பீர்கள், மொழிபெயர்ப்புக்குத் தனி ஆள் உண்டா, இரண்டு மொழித் திறனுக்குக் கூடுதல் சம்பளம் உண்டா என்று கேட்டு, வேலைக் கடிதத்தில் வரும்படி பாருங்கள்.

உங்கள் தமிழையும் ஓரமாக வைத்துவிட வேண்டாம். கத்ரீனா புயலுக்குப் பிறகு மிசிசிப்பி, டெக்சஸ் கப்பல் தளங்களுக்கு பண்ணை அல்லாத தற்காலிக வேலைகளுக்கான எச்-2பி விசாவில் இந்தியாவிலிருந்து சுமார் 500 வெல்டர்கள், பைப் ஃபிட்டர்கள் கொண்டுவரப்பட்டார்கள். கிரீன் கார்டு கிடைக்கும் என்ற பேச்சை நம்பி ஊரில் கடன் வாங்கிப் பணம் கட்டி வந்தவர்கள். சிக்னல் இன்டர்நேஷனல் நிறுவனத்தின் மீதான அந்த வழக்கில் 2015-இல் நியூ ஆர்லியன்ஸ் ஜூரி ஐந்து பேருக்கு மட்டும் 1.4 கோடி டாலர் தரச் சொன்னது. அடுத்து இப்படி ஒரு குழு தமிழ்நாட்டிலிருந்து வந்தால், அவர்கள் பேச்சை நேராகக் கேட்கக்கூடிய வக்கீல்கள் அமெரிக்காவில் விரல்விட்டு எண்ணும் அளவில்தான் இருப்பார்கள்.

கடனும் அப்பாவும்

தகுதியுள்ள லாப நோக்கமற்ற அமைப்பிலோ அரசிலோ முழுநேர வேலை பார்த்து, வருமானத்துக்கேற்ற திட்டத்தில் 120 தவணை கட்டினால் மீதி மத்திய அரசுக் கடனைத் தள்ளுபடி செய்யும் திட்டம் 2007-இலிருந்து இருக்கிறது. உங்கள் கடன் அந்த வகைதானா, புதிய அமைப்பு தகுதியானதுதானா என்று சேருவதற்கு முன்பே எழுத்தில் உறுதி செய்யுங்கள். தனியார் வங்கிக் கடன் இதில் வராது. அப்பாவிடம் இந்தக் கணக்கைக் காகிதத்தில் போட்டுக் காட்டுங்கள். அவர் பயப்படுவது உங்கள் கடனைப் பார்த்து என்றால் அது பாதி குறையும். கௌரவம் என்றால் அதற்கு என்னிடம் கணக்கு இல்லை, நேரம்தான் வேண்டும்.

கடைசியாக, நீங்கள் கேட்காத ஒன்று. முதலாளி பக்கம் வேலை பார்த்துக்கொண்டே சனிக்கிழமை தொழிலாளர்களைச் சந்திக்கிறீர்கள். முகாமுக்கு வந்தவர்களில் யாராவது உங்கள் நிறுவனத்தின் கட்சிக்காரரிடம் வேலை பார்ப்பவராக இருந்தால் இருவருக்கும் கேடு. முகாமுக்குப் போவது உங்கள் நிறுவனத்துக்குத் தெரியுமா, யாரைச் சந்திக்கும் முன்பும் பெயர்கள் சரிபார்க்கப்படுகின்றனவா? இல்லையென்றால் அந்த ஏற்பாடு வரும்வரை முகாமை நிறுத்தி வையுங்கள், வாக்குமூலத்தைச் சரிசெய்வதற்காக மட்டும் பொறுப்பு வழக்கறிஞரோடு பேசுங்கள். வேலை மாறும்போது, இதுவரை நீங்கள் கை வைத்த வழக்குகளின் கட்சிக்காரர் பட்டியல் ஒன்று புதிய இடத்துக்குத் தேவைப்படும். அதே விவகாரத்திலோ அதோடு தொடர்புடையதிலோ பழைய கட்சிக்காரருக்கு எதிராக நீங்கள் நிற்க முடியாது. அவர்களுடைய ரகசியமும் உங்களோடு இருக்கும். பெயர்களைத் தாண்டி வேறு எதையும் அந்தப் பட்டியலில் எழுதாதீர்கள், கோப்புகள் எதையும் எடுத்து வராதீர்கள்.

நேர்காணலின் ஸ்பானிஷ் பகுதியில் பெரும்பாலும் ஒருவர் தொழிலாளியாக நடித்து உங்களிடம் வழக்கைச் சொல்வார். தெரியாத வார்த்தை வரும்போது தலையாட்டிவிட்டுப் போகாமல் "அது என்ன என்று விளக்கிச் சொல்லுங்கள்" என்று ஸ்பானிஷிலேயே கேளுங்கள். ஆள் எடுக்கும் மேஜையில் நானும் உட்கார்ந்திருக்கிறேன், நாங்கள் காத்திருப்பது அந்தக் கேள்விக்குத்தான். ராஜினாமாக் கடிதத்தை வேலைக் கடிதம் கைக்கு வந்த பிறகு கொடுங்கள்.